மயிற்பொறி எதனை உண்டது?

சீவக சிந்தாமணியைக் கற்பிக்கும் ஆசிரியர் எவரும் மயிற்பொறியைக் கடந்து போதல் இயலாது. கட்டியங்காரன் அரண்மனையை வளைத்தபோது, கருவுற்றிருந்த விசயையைச் சச்சந்தன் அப்பொறியில் ஏற்றி வானிலே அனுப்பினான். வலப்புறம் திருகினால் அது மேலெழும். இடப்புறம் திருகினால் கீழிறங்கும். திருகும் முறையை அரசி முன்னரே பயின்றிருந்தாள். இவ்வளவும் கூறிய திருத்தக்கதேவர், அப்பொறி எதனை உண்டு பறந்தது என்பதை மட்டும் கூறாது விடுத்தார். காவியத்துக்கு அது வேண்டுவதில்லை. ஆனால் தன் வீட்டுக் கொட்டகையிலே ஒரு வானூர்தியைத் தானே கட்ட முயல்பவன் அதனை விடுத்துச் செல்ல இயலாது.

அத்தகையோர் கற்பனை மாந்தர் அல்லர். 1910ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், சென்னையில் ஹோட்டல் நடத்திவந்த டி ஏஞ்சலிஸ் என்னும் கோர்சிக்கத் தீவினர், தாம் வகுத்த அமைப்பின்படி சிம்சன் கம்பெனியாரைக் கொண்டு ஒரு விமானம் கட்டுவித்துப் பல்லாவரத்திலே பறந்து காட்டினார். நம் இலங்கையிலோ, கேம்பிரிட்ஜில் பொறியியல் பயின்றவரும் பின்னாளில் மொறட்டுவைப் பல்கலைக்கழக வேந்தராய் விளங்கியவருமான ரே விஜயவர்தன (1924–2010), சிறு விமானங்களைத் தம் கையாலேயே கட்டி, அவற்றில் தாமே ஏறிப் பறந்தார். ஆகவே நம் மாணவருள் ஒருவனுக்கு இவ்வாசை தோன்றுமாயின், அது நகைக்கத்தக்கதன்று.

ஆனால் ஆசை பெரும்பாலும் சிறகிலும் எஞ்சினிலும் போய் நிற்கின்றது. தாங்கியிலிருந்து எஞ்சின்வரை பெற்றோல் செல்லும் வழியைப் பற்றி எண்ணுவோர் சிலரே. ஹற்றன் வீதியில் பஸ்வண்டி நின்றுவிட்டால், சாரதி இறங்கி மூடியைத் திறந்து பார்ப்பார். பயணிகள் தேநீர்க் கடையில் காத்திருப்பர். வானத்திலே ஓரமாக நிறுத்த இடமில்லை. ஆகவே அந்த வழியை வகுப்பதே உயிரை வகுப்பதாகும்.

அவ்வழியின் முதல் விதியை நம் தோட்டத்துப் பிள்ளைகள் அறிவர். மலையில் ஊறும் நீரைப் பீலி வழியாக லயத்துக்குக் கொண்டுவருகிறோம். அதற்கு எஞ்சினும் இல்லை, பம்பியும் இல்லை. ஊற்று மேலே, குடம் கீழே, அவ்வளவுதான். சிறகு விமானியின் தலைக்கு மேலே அமைந்த ஊர்தியிலும், சிறகினுள் தாங்கியை வைத்தால் பெற்றோல் தன் பாரத்தாலேயே எஞ்சினுக்கு இறங்கும். 1903 டிசம்பர் 17இல் 12 விநாடி பறந்த ரைட் சகோதரரின் முதல் ஊர்தியிலும் சிறகுத் தூணில் கட்டிய ஒரு சிறு தாங்கியிலிருந்து பெற்றோல் இவ்வாறே இறங்கிற்று.

எனினும் ‘இறங்கும்’ என்று நம்பியிருத்தல் போதாது; அளந்து பார்த்தல் வேண்டும். ஊர்தி மேலேறும்போது மூக்கு நிமிர்கின்றது. அப்போது தாங்கிக்கும் எஞ்சினுக்கும் இடையிலுள்ள உயர வேறுபாடு குறைந்துவிடலாம். எஞ்சினுக்குப் பெற்றோல் மிகுதியாக வேண்டுவதும் அதே வேளையில்தான். ஆகவே கட்டுவோர், ஊர்தியைத் தரையிலேயே மூக்கு நிமிர்த்தி நிறுத்தி, எஞ்சினருகில் குழாயைக் கழற்றி, ஒரு நிமிடத்தில் எவ்வளவு வடிகின்றது என்று பார்ப்பர். தன் பாரத்தால் இறங்கும் அமைப்பாயின், எஞ்சின் முழுவலியில் உண்பதுபோல் ஒன்றரை மடங்கு வடிதல் வேண்டும். பம்பி கொண்டு செலுத்துவதாயின் ஒன்றேகால் மடங்கு. இஃது அமெரிக்க வானூர்தி விதிகள்வழி நெடுங்காலமாகக் கைக்கொள்ளப்பட்டு வரும் அளவு. மணிக்கு 20 லீற்றர் உண்ணும் எஞ்சினுக்கு முதல்வகை அமைப்பில் 30 லீற்றர் வரவேண்டும்; அஃதாவது நிமிடத்துக்கு அரை லீற்றர். ஐந்தாம் வகுப்புக் கணக்கு ஓர் உயிரைக் காக்கின்றது.

இரண்டாவது, காற்றுத் துளை. டின்பாலில் ஒரு துளை மட்டும் இட்டால் பால் ஒழுகாது. எதிர்ப்புறம் மற்றொரு துளை இட்டால்தான் ஒழுகும். தாங்கியும் அவ்வாறே. பெற்றோல் வெளியேறும் அளவுக்குக் காற்று உட்புகாவிடின், ஓட்டம் தளர்ந்து நின்றுவிடும். குளவி ஒன்று அத்துளையில் மண்கூடு கட்டினாலே போதும். ஆகவே அத்துளையைப் பார்வைக்கு எளிதான இடத்தில் வைத்து, பறக்குமுன் ஒவ்வொரு முறையும் பார்ப்பர்.

மூன்றாவது, நீர். பனிமூட்டம் சூழ்ந்த நம் நுவரெலியாவில் இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. பாதி நிறைந்த தாங்கியின் மேற்பாதியில் ஈரக்காற்று இருக்கும். இரவுக் குளிரில் அவ்வீரம் உட்சுவரில் துளித்து அடியிலே சேரும். நீர் பெற்றோலினும் பாரமுடையது. எஞ்சின் நீரை உண்ணாது. ஆகவே வழி முழுவதிலும் மிகத் தாழ்ந்த இடத்தில் ஒரு வடிகாலும் வடிகட்டியும் அமைத்தல் வேண்டும். இடையிலே குழாய் ஏறி இறங்கி வளைந்தால், ஒவ்வொரு பள்ளமும் நீர் தங்கும் குளமாகும். காலையில் வடிகாலைத் திறந்து சிறிது பெற்றோலைக் கண்ணாடிக் குப்பியில் பிடித்துப் பார்த்தால், நீர் அடியிலே தனியே நிற்பது தெரியும்.

நான்காவது, ஆவி. 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நம் நகரில் நீர் 100 பாகை வரை காத்திராது, ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடும். உயரம் கூடக் காற்றின் அழுத்தம் குறைவதே காரணம். பெற்றோலுக்கும் இவ்விதி உண்டு. புகைபோக்கிக் குழாயின் அருகே சென்று சூடேறிய பெற்றோல், உயரத்திலே குழாய்க்குள் குமிழியிடத் தொடங்கும். குமிழி நிறைந்த குழாயில் பெற்றோல் ஓடாது. ஆகவே குழாயைச் சூட்டிலிருந்து விலக்குவர். துணைப் பம்பியை எஞ்சினருகில் வையாது தாங்கியின் அருகில் வைப்பர். தொலைவிலிருந்து உறிஞ்சினால் அழுத்தம் குறைந்து குமிழி எழும். அருகிலிருந்து தள்ளினால் எழுவது அரிது.

ஐந்தாவது, திருகு. சிறகு தாழ்ந்த ஊர்தியில் இரு தாங்கிகளையும் ஒருங்கே திறந்துவைத்தல் ஆகாது. ஒன்று வெறுமையானதும் பம்பி அதிலிருந்து காற்றையே உறிஞ்சும். ஆகவே ஒரு வேளைக்கு ஒரு தாங்கி. மாற்றுவதற்கு ஒரு திருகு. அத்திருகை எங்கே வைப்பது? சிறு வினாவாகத் தோன்றும் இதற்கு ஓர் உயிர் விலையாயிற்று.

அமெரிக்கப் பாடகர் ஜோன் டென்வர், வேறொருவர் வீட்டிலே கட்டிய ‘லோங் ஈஸி’ என்னும் சிறு விமானத்தை வாங்கியிருந்தார். அதனை வகுத்த பேர்ட் ரூட்டனின் வரைபடத்தில் திருகு விமானியின் கால்களுக்கு இடையே, கண்முன் இருந்தது. கட்டியவரோ, விமானி இருக்குமிடத்தில் பெற்றோல் குழாய் வேண்டாம் என்று கருதி, அதனை இடத்தோளுக்குப் பின்னே மாற்றிவிட்டார். எண்ணம் நல்லதே. ஆனால் அதனைத் திருக விமானி உடம்பை முறுக்கித் திரும்ப வேண்டியிருந்தது. அது கைக்கு எட்டுவது அரிது என்பது புறப்படுமுன்னரே தெரிந்திருந்தது. 1997 ஒக்டோபர் 12இல் கலிபோர்னியாவின் மொன்டரே விரிகுடாவில் அவ்விமானம் வீழ்ந்து டென்வர் மாண்டார். ஆராய்ந்த பாதுகாப்புச் சபையார் கண்டது இது: அவர் தாங்கியை மாற்றத் திரும்பியபோது, தம்மை அறியாமலே வலக்கால் மிதியை அழுத்தியிருக்கிறார், ஊர்தி கட்டுத் தப்பிற்று. போதிய பெற்றோல் நிரப்பாது புறப்பட்டமையும், திருகுக்கும் அளவுகாட்டிக்கும் தெளிவான குறியீடு இல்லாமையும் சேர்ந்தே காரணமாயின.

இதனைப் படித்தபின் மயிற்பொறியை மீண்டும் நோக்கினேன். திருத்தக்கதேவர் அதன் உணவைக் கூறவில்லை; ஆயினும் திருகை அரசியின் விரலுக்கு எட்டும் இடத்திலேயே வைத்தார்; எப்புறம் திருகினால் யாது விளையும் என்பதில் ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை; அவளை முன்னரே பயிற்றுவித்தும் இருந்தார். கதைக்காகப் பொறி வகுத்த புலவர் விடாத ஒன்றை, மெய்யாகவே பொறி கட்டுபவர் விட்டுவிட்டார்.

ஆகவே விமானம் கட்ட விரும்பும் மாணவன் எவனாயினும் வந்து கேட்பின், யான் கூறுவது ஒன்றே. முதலில் சிறகை வரையாதே. ஒரு தாளில் தாங்கியையும் எஞ்சினையும் மட்டும் வரைந்து, இடையிலே ஒரு கோடு இடு. அக்கோட்டில் எத்தனை பொருத்து, எத்தனை வளைவு, எங்கே பள்ளம், எங்கே சூடு என்று எண்ணிக் குறி. பின்னர் ஒரு நாற்காலியில் நேரே அமர்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, திருகு இருக்கும் இடத்துக்குக் கையை நீட்டு. உடம்பு அசையாமல் கை அங்கே சென்று சேர்ந்தால், அடுத்த தாளில் சிறகை வரையலாம்.