வேலை செய்யாத கான்கிரீட்

ஓட்டு வீட்டைப் பிரித்துத் தளம் போடுகிறவர்கள் பழைய மங்களூர் ஓடுகளைக் கொல்லையில் குவித்துவிடுவார்கள். மூலை உடைந்ததும் விரிசல் விட்டதும் மறுபடி கூரைக்கு ஆகாது. ஆனால் புதிதாகப் போடும் தளத்துக்குள்ளேயே அவற்றை வைக்கலாம். திருவனந்தபுரத்தில் லாரி பேக்கர் கட்டிய வீடுகளில் அண்ணாந்து பார்த்தால், கான்கிரீட்டுக்கு நடுவே வரிசை வரிசையாக ஓடு தெரியும்.

பேக்கர் இங்கிலாந்தின் பர்மிங்காமில் பிறந்தவர். தொழுநோயாளர்களுக்கான மருத்துவமனைகளைக் கட்ட 1945இல் இந்தியா வந்தார். இங்கேயே தங்கி, 2007இல் கேரளத்தில் மறைந்தார். ஏழைக்கும் நல்ல வீடு வேண்டும் என்று பிடிவாதமாக நின்றவர். அவர் பரப்பிய இந்த முறைக்கு ஃபில்லர் ஸ்லாப் என்று பெயர்.

கான்கிரீட் இருக்க வேண்டிய இடத்தில் ஓடு எப்படி ஆகும்? பாத்திரம் தேய்க்கும் பஞ்சை இரண்டு ஓரத்திலும் தாங்கி நடுவில் அழுத்திப் பாருங்கள். மேல்புறம் நெருங்கும், அடிப்புறம் இழுபடும். தளத்துக்கும் இதே நிலைமைதான். கான்கிரீட் அழுத்தத்தை நன்றாகத் தாங்கும். இழுவைக்கு அதன் பலம் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். அதனால்தான் அடியில் கம்பி கட்டுகிறோம். அப்படியானால் கம்பிகளுக்கு இடையே அடிப்பாதியில் கிடக்கும் கான்கிரீட் என்ன செய்கிறது? பெரும்பாலும் சும்மா கனக்கிறது. சுண்ணாம்புக்கல்லைச் சுட்டு, கரியமில வாயுவைக் கக்கவிட்டுச் செய்த சிமெண்ட் அதில் முடங்கிக் கிடக்கிறது. அந்த இடத்தை ஓட்டுக்குக் கொடுத்தார் பேக்கர். தளச் செலவு சுமார் 30 சதவீதம் குறையும் என்பது அவர் கணக்கு.

செண்ட்ரிங் அடித்ததும், ஓட்டின் அளவுக்கு இடைவெளி விட்டுக் கம்பி கட்டுவார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டு ஓடுகளை ஒன்றின்மேல் ஒன்றாக வைப்பார்கள். நடுவில் அடைபடும் காற்று வெயிலின் சூட்டை மட்டுப்படுத்தும். கான்கிரீட் கொட்டுவதற்கு முன் ஓடுகளை நன்றாக நனைத்துவிட வேண்டும்; காய்ந்த ஓடு கலவையின் ஈரத்தை உறிஞ்சிவிடும். ஓடு கிடைக்காத ஊரில் கொட்டாங்குச்சியைக் கவிழ்த்து வைத்தும் போடுகிறார்கள்.

கழிவுப் பொருளைக் கொண்டு கட்டுவது என்றால், பாட்டில்களை அடுக்கிச் சுவர் எழுப்பும் படங்கள் நிறையக் கண்ணில் படுகின்றன. பேக்கரும் வண்ண ஒளிக்காகச் சுவரில் பாட்டில் பதித்தவர்தான். ஆனால் சிறிய வீட்டில் சிமெண்டையும் கம்பியையும் அதிகம் விழுங்குவது தளம். மிச்சம் பிடிக்க நினைப்பவர் முதலில் கைவைக்க வேண்டிய இடம் அதுதான் என்பேன்.

எல்லா இடத்திலும் ஓடு வைத்துவிட முடியாது. சுவரை ஒட்டிய ஓரங்களைக் கெட்டியாகவே போட வேண்டும். வெளியே நீளும் பால்கனியில் இழுவை மேல்புறம் வரும். அங்கே இது ஆகவே ஆகாது. கம்பியின் கனத்தைப் பொறியாளரே முடிவு செய்யட்டும். ஃபேன் கொக்கியும் மின்குழாயும் எங்கே வரும் என்பதை ஓடு அடுக்குவதற்கு முன்பே மேஸ்திரியிடம் சொல்லிவிடுங்கள். பிறகு துளை போட்டால் ஓடு உடையும்.