யாருக்கு வாக்களிப்பது?

தேர்தல் நெருங்கும்போதெல்லாம் நம் இல்லங்களில் எழும் கேள்வி இது. சாந்தோமிலும் லஸ்ஸிலும் ஞாயிறு திருப்பலி முடிந்து வெளிவருகையில் இதே பேச்சு. தியாகராய நகரிலும் அடையாற்றிலும் இதே பேச்சு. ஒரு கட்சியின் கொள்கை பிடித்திருக்கிறது. அதன் வேட்பாளர் பிடிக்கவில்லை. மற்றொருவர் நல்லவர், அவர் கட்சியின் போக்கு மனத்திற்கு ஒவ்வவில்லை. இறுதியில், "எவர் வந்தால் நமக்கென்ன?" என்று சலித்து வீட்டிலேயே இருந்துவிடுகிறோம்.

தயக்கம் குற்றமன்று, சிந்திப்பவர்க்கே தயக்கம் வரும். ஆனால் தயக்கத்தையே சாக்காக்கிக் கடமையினின்று விலகலாமா?

2021 ஏப்ரல் 6, உயிர்ப்புப் பெருவிழாவுக்கு அடுத்த செவ்வாய். அன்று நடந்த சட்டமன்றத் தேர்தலில் தமிழகம் முழுவதிலும் 72 விழுக்காட்டிற்கு மேல் வாக்குகள் பதிவாயின. படிப்பிலும் வசதியிலும் முன்னிற்கும் சென்னையிலோ ஏறத்தாழ 59 விழுக்காடே! அத்தேர்தலில் தியாகராய நகர்த் தொகுதியின் வெற்றி தோல்வியை முடிவுசெய்தவை வெறும் 137 வாக்குகள். ஒரு சிறு தெருவில் வாழ்வோரின் எண்ணிக்கை அது. "என் ஒரு வாக்கினால் என்ன ஆகும்?" என்போர் இதனை எண்ணிப் பார்ப்பாராக.

1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட 'இன்றைய உலகில் திருச்சபை' என்னும் ஏடு, பொதுநலத்தின் பொருட்டு வாக்குரிமையைப் பயன்படுத்துவது உரிமை மட்டுமன்று, கடமையும் ஆகும் என நினைவூட்டுகிறது. யாருக்கு என்று அது சொல்லவில்லை. அதைத் தீர்மானிக்க வேண்டியது நம் மனச்சான்றே. ஆயினும் மனச்சான்றுக்கும் செய்தி வேண்டும்.

உச்ச நீதிமன்றத்தின் 2002, 2003-ஆம் ஆண்டுத் தீர்ப்புகளின் பயனாக, ஒவ்வொரு வேட்பாளரும் தம்மீதுள்ள குற்ற வழக்குகள், சொத்து, கடன், கல்வி ஆகியவற்றை உறுதிமொழிப் பத்திரத்தில் தெரிவித்தாக வேண்டும். தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் எவரும் அதைப் படிக்கலாம். பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடுகையில் எத்தனை பேரிடம் விசாரிக்கிறோம்! ஐந்தாண்டு நம்மை ஆளப்போகிறவரைப் பற்றி அரைமணி நேரம் படிக்கலாகாதா?

அடுத்து, நம் பகுதியின் துன்பங்களை நினைவுகூர்வோம். 2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டு வீடுகளுக்குள் புகுந்தது. 2019 கோடையிலோ அதே நகரம் குடிநீருக்காகக் குடங்களுடன் லாரிக்குக் காத்து நின்றது. வடிகாலுக்கும் ஏரிகளுக்கும் இவர் என்ன செய்தார், என்ன செய்வார்? நம்மினும் எளியோருக்கு, குடிசைவாழ் மக்களுக்கு, இவரால் நன்மையா தீமையா? எல்லா வகையிலும் நிறைவானவர் கிடைக்காவிடினும், இக்கேள்விகளுக்கு மற்றவரினும் மேலான விடை தருபவர் ஒருவர் தென்படுவார்.

பணம் வாங்கி வாக்களிப்பது மனச்சான்றை விற்பதாகும். பணப்பட்டுவாடாவின் காரணமாக 2017 ஏப்ரலில் இராதாகிருஷ்ணன் நகர் இடைத்தேர்தலே நிறுத்தப்பட்டது நமக்குப் பாடமாகட்டும்.

எவருமே தகுதியற்றவர் என்று தோன்றினால், 2013 முதல் 'நோட்டா' உண்டு. ஆயினும் அதற்கு எத்தனை வாக்கு விழுந்தாலும், வேட்பாளர்களுள் அதிக வாக்குப் பெற்றவரே வெற்றி பெறுவார் என்பதை அறிந்தே அதை அழுத்த வேண்டும்.

இவற்றையெல்லாம் குடும்ப செபத்திற்குப் பின் கூடிப் பேசுவோம். ஆனால் கணவர் மனைவிக்காகவோ, பெற்றோர் பதினெட்டு வயது நிறைந்த பிள்ளைகளுக்காகவோ முடிவுசெய்தல் ஆகாது. வாக்கு இரகசியமானது, அவரவருக்கே உரியது. கொடுக்கப்பட்ட தாலந்தை மண்ணில் புதைத்தவனின் நிலை நமக்கு வேண்டாம். ஆராய்வோம், செபிப்போம், வாக்குப் பதிவன்று காலையிலேயே சாவடிக்குச் செல்வோம்.