குடும்பத் தொழிலில் ஆள் கணக்கு

தாமிரபரணியோடு சிற்றாறு கலக்கும் இடத்தை அடுத்துள்ள சீவலப்பேரியே முக்கூடற்பள்ளு போற்றும் முக்கூடல் ஆகும். பீடித் தொழிலுக்குப் பேர்போன முக்கூடல், அதே ஆற்றங்கரையில் மேற்கே உள்ள வேறோர் ஊர். ஆசிரியர் பெயர் தெரியாத அந்தச் சிற்றிலக்கியத்தில் பண்ணைக்காரன் கணக்குக் கேட்பதும், பள்ளன் விதை வகை, மாட்டு வகை என்று ஒவ்வொன்றாக ஒப்புவிப்பதும், முறைப்பாடு எழுந்ததும் அவன் தண்டனைக் கட்டையான தொழுமரத்தில் மாட்டப்படுவதும் விரிவாக இடம்பெறுகின்றன. அந்தக் கணக்கில் ஆள் பொருளுக்குப் பதில் சொல்பவனாக நிற்கிறானே ஒழிய, ஆளுக்கென்று பண்ணையில் எழுதிவைத்த கணக்கு ஒன்றும் தென்படுவதில்லை.

இன்றைய குடும்பத் தொழில்கள் பலவற்றிலும் இதே நிலை நீடிக்கிறது. ஜவுளிக்கடையோ அல்வாக் கடையோ அரிசி ஆலையோ எதுவானாலும், சரக்கு இருப்பும் பற்று வரவும் காசு பிசகாமல் பேரேட்டில் ஏறுகின்றன. ஆனால் இருபது ஆண்டுகளாக அங்கே வேலை பார்ப்பவர் எந்தத் தேதியில் சேர்ந்தார் என்று கேட்டால், அது பெரிய முதலாளிக்குத்தான் தெரியும் என்ற விடையே கிடைக்கும். வேலையாளை வீட்டுப்பிள்ளையாக நினைப்பதால் எழுத்து எதற்கு என்ற எண்ணம் வேரூன்றிவிடுகிறது. அந்த நினைப்பில் பொய் இல்லை என்றாலும், பெரியவர் காலமாகி, அண்ணன் தம்பிகள் கடையைப் பிரித்துக்கொள்ளும் நாளில், அவர் நினைவிலிருந்த கணக்கு அவரோடு போய்விடுகிறது, வேலையாளின் இருபது ஆண்டுகளும் சான்றில்லாமல் நிற்கின்றன.

எழுத்தின் வலிமையைத் தாமிரபரணிப் பள்ளத்தாக்கு நன்கு அறிந்தது பீடித் தொழிலில்தான். நிறுவனம் இலை, தூள், நூல் ஆகியவற்றைக் கொடுக்க, பெண்கள் தங்கள் வீட்டுத் திண்ணையிலேயே சுளகை மடியில் வைத்துச் சுற்றி, கட்டுக்கட்டாகப் பீடிக் கடையில் ஒப்படைக்கும் இந்த முறையில், தொழிலாளி முதலாளியின் கூரைக்குக் கீழ் ஒருநாளும் உட்காராததால், அவர் தொழிலாளிதானா என்ற கேள்வியே நெடுங்காலம் வழக்காக இருந்தது. 1966ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம், மூலப்பொருளைப் பெற்று வீட்டிலிருந்து சுற்றுவோரையும் தொழிலாளர் என வரையறுத்தது. 1977இல் வருங்கால வைப்பு நிதி, அதாவது சம்பளத்தில் ஒரு பங்கும் முதலாளி தரும் ஒரு பங்கும் சேர்ந்து ஓய்வுக்காலத்துக்குச் சேமிக்கப்படும் பணம், பீடித் தொழிலுக்கும் நீட்டிக்கப்பட்டது. அதை எதிர்த்த வழக்கில் 1985இல் உச்ச நீதிமன்றம், தரமில்லாத பீடியைக் கழிக்கும் உரிமை நிறுவனத்திடம் இருப்பதே அதன் மேற்பார்வைக்கு அடையாளம் என்று கொண்டு, வீட்டில் சுற்றுவோருக்கும் அந்த நிதி உரியது என்று தீர்ப்பளித்தது. கழித்துத் தள்ளும் அதிகாரமே கடமையையும் கொண்டுவந்து சேர்த்தது என்பது கவனிக்கத்தக்கது.

ஆயினும் தீர்ப்பைப் பயனாக மாற்றியது, கொடுத்த இலையும் வாங்கிய பீடியும் கூலியும் நாள்தோறும் பதியப்படும் சிறு பாஸ்புக்தான். தாயின் பெயரில் ஒரு புத்தகம் இருக்க, மகளும் மருமகளும் சேர்ந்து சுற்றும் வீடுகளில், புத்தகத்தில் பெயர் இல்லாதவர் சட்டத்தின் கண்ணுக்கும் இல்லாதவராகிவிடுகிறார். எத்தனை ஆண்டு சுற்றினாலும் அவர் பெயரில் ஒரு ரூபாயும் சேர்வதில்லை.

கடையோ பட்டறையோ நடத்துபவர் ஒவ்வொரு வேலையாளுக்கும் வைக்கவேண்டிய கோப்பு பெரிய வித்தை அன்று. பெயர், பிறந்த தேதி, சேர்ந்த தேதி, சம்பளம், வருகை, விடுப்பு, முன்பணம் ஆகியவை இருந்தால் பெரும்பகுதி முடிந்தது. இவற்றுள் பெயரே அதிகத் தொல்லை தருவது. தமிழர் பெயரில் தலைப்பெழுத்து ஆதாரில் ஒரு விதமாகவும் வங்கிக் கணக்கில் வேறு விதமாகவும், பள்ளிச் சான்றிதழில் தந்தை பெயராக விரிந்தும் இருப்பதால், வைப்பு நிதியைத் திரும்பப் பெறும்போது ஒரே ஆள் மூன்று ஆளாகிவிடுகிறார்; வேலையில் சேரும் நாளிலேயே மூன்றையும் ஒப்பிட்டுத் திருத்தச் சொன்னால் பின்னாளின் அலைச்சல் மிச்சமாகும். அடுத்தது நியமனதாரர், அதாவது வேலையாள் இறந்தால் பணத்தைப் பெற அவர் குறிப்பிடும் நபர். திருமணத்துக்கு முன் தாயின் பெயரை எழுதிக்கொடுத்தவர், திருமணமானதும் புதிதாக எழுதித்தர வேண்டும். குடும்பம் அமைந்தபின் வைப்பு நிதிக்கான பழைய நியமனம் செல்லாது. கல்யாணத்துக்கு மொய் எழுதப்போகும் முதலாளி இந்தத் தாளை நினைவூட்டுவது அரிது.

முன்பணம் தனியே கவனிக்கப்பட வேண்டியது. தீபாவளிக்கும் காதுகுத்துக்கும் கைமாற்றாகக் கொடுத்ததைக் கொடுத்தவர் ஒரு தொகையாகவும் வாங்கியவர் வேறு தொகையாகவும் நினைவில் வைத்திருப்பதே பல பிரிவுகளுக்குக் காரணமாகிறது. தேதியும் இருவர் கையொப்பமும் உள்ள ஒரு வரி அந்தச் சண்டையைத் தவிர்க்கும். பணிக்கு வராததையோ தவறையோ கண்டிக்க நேர்ந்தாலும் அதை எழுத்தில் கொடுத்து, வேலையாளின் விளக்கத்தையும் எழுத்தில் பெற்றுக் கோப்பில் வைப்பதே முறை. கோபத்தில் நாளையிலிருந்து வராதே என்று சொல்லிவிட்டுப் பின்னர் தொழிலாளர் நீதிமன்றத்தில் காரணம் தேடுவது வீண் முயற்சி.

மச்சானும் சித்தப்பா மகனும் கல்லாவில் உட்காரும் கடைகளில், அவர்கள் பங்காளியா, சம்பளக்காரரா என்பது எழுதப்படாமலே ஆண்டுகள் ஓடுகின்றன. சம்பளம் என்றால் பிற வேலையாட்களின் பெயர் உள்ள அதே பதிவேட்டில் அவர்கள் பெயரும் ஏறவேண்டும்; உறவினருக்கு அளவுமீறித் தரும் சம்பளத்தைத் தொழிற்செலவாக ஏற்க வருமான வரித்துறை மறுக்கலாம். வேலையாட்களின் அசல் சான்றிதழ்களைப் பிணையாக வாங்கிப் பூட்டிவைக்கும் வழக்கம் மட்டும் நிர்வாகம் ஆகாது, அது மிரட்டல். நகல் போதும், அந்த நகலும் எல்லாரும் கைபோடும் மேசை இழுப்பறையில் கிடக்கலாகாது.

2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள், 1966ஆம் ஆண்டுப் பீடிச் சட்டத்தையும் தம்முள் அடக்கி, எழுத்துமூலமான நியமனக் கடிதத்தையும் வலியுறுத்துகின்றன. பத்துப் பேர் வேலை செய்யும் இடமானால் பணிக்கொடையும் உண்டு. பொதுவாக ஐந்தாண்டு தொடர்ந்து பணியாற்றியவருக்கு, ஆண்டுக்குப் பதினைந்து நாள் சம்பளம் என்ற கணக்கில் தரவேண்டிய இத்தொகை சேர்ந்த தேதியிலிருந்தே எண்ணப்படுகிறது. உரிமை எழுந்த 30 நாட்களுக்குள் அதைக் கொடுக்காத முதலாளி வட்டியும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.