திடீர் திடீரென அணையும் கம்ப்யூட்டர்... காரணம் பிராசஸரா, பள்ளிக்கரணைத் தூசியா?

அக்னி நட்சத்திரம் தொடங்கிவிட்டால் பள்ளிக்கரணை, மேடவாக்கம், கோவிலம்பாக்கம் பக்கத்து வீடுகளில் சீலிங் ஃபேனோடு சேர்ந்து மேஜைக்கு அடியில் இருக்கும் கம்ப்யூட்டரும் இரைய ஆரம்பிக்கும். முதலில் சத்தம். அடுத்து வேகம் குறையும். பிறகு ஒரு மதிய நேரத்தில், பிள்ளை புராஜெக்ட் செய்துகொண்டிருக்கும்போதோ அம்மா டேலியில் கணக்கு ஏற்றிக்கொண்டிருக்கும்போதோ, சொல்லாமல் கொள்ளாமல் திரை கறுத்துவிடும்.

கடைக்குக் கொண்டுபோனால் சில இடங்களில் வரும் முதல் பதில், "பிராசஸர் போச்சு, போர்டோட மாத்திடுங்க" என்பதுதான். பல ஆயிரம் ரூபாய்ச் செலவு. வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர்களுக்கும், ஒரே கம்ப்யூட்டரை வைத்து ஜெராக்ஸ், டைப்பிங் கடை நடத்துபவர்களுக்கும் அது ஒரு மாத வருமானமாகக்கூட இருக்கலாம். ஆனால், கம்ப்யூட்டரில் மிக அரிதாகக் கெட்டுப்போகும் பாகங்களில் ஒன்று பிராசஸர். சூடாகி அணைந்துபோகும் கம்ப்யூட்டர்களில் பெரும்பாலானவற்றுக்குத் தேவைப்படுவது ஒரு பெயின்ட் பிரஷ்ஷும், 100, 200 ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு சின்ன ட்யூப் தெர்மல் பேஸ்ட்டும்தான்.

நாம் பேச்சுவழக்கில் 'சிபியு' என்று சொல்வது அந்தப் பெட்டி முழுவதையும். உண்மையான சிபியு, அதாவது பிராசஸர், உள்ளே மதர்போர்டில் ஃபேனுக்கு அடியில் மறைந்து உட்கார்ந்திருக்கும். அதற்குள் இருக்கும் சிலிக்கான் சில்லு ஒரு தபால்தலையை விடச் சிறியது. வீட்டு உபயோக பிராசஸர்கள் பலவற்றின் மின்அளவு 65 வாட் என்று குறிக்கப்பட்டிருக்கும். பழைய 60 வாட் குண்டு பல்பைத் தொட்டவர்களுக்கு அது எவ்வளவு சூடு என்று தெரியும். அவ்வளவு சூடும் நகத்தளவு இடத்திலிருந்து வருகிறது. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டால், துணி தேய்க்கும் இஸ்திரிப் பெட்டியைவிட இது பல மடங்கு அதிகம்.

அந்தச் சூடு வெளியேற ஒரே ஒரு வழிதான். சில்லிலிருந்து அதன் மேல் இருக்கும் உலோக மூடிக்கு, மூடியிலிருந்து பேஸ்ட் வழியாக அலுமினிய ஹீட் சிங்க்குக்கு, அதன் தகடுகளிலிருந்து ஃபேன் தள்ளும் காற்றுக்கு, கடைசியாகப் பெட்டிக்கு வெளியே. இந்த வரிசையில் எங்கே அடைப்பு என்று கண்டுபிடிப்பதுதான் முழு வேலையும்.

டிசம்பரில் ஓடியது மே மாதத்தில் ஏன் படுக்கிறது?

அறையின் வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் பிராசஸரின் வெப்பமும் ஏறக்குறைய ஒரு டிகிரி ஏறும். டிசம்பரில் அறை 25 டிகிரி, பிராசஸர் 82 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். யாருக்கும் எதுவும் தெரியாது. மே மாதத்தில் மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் அறை 38 டிகிரியைத் தொடும்போது அதே பிராசஸர் 95-ல் நிற்கும். இன்டெல் பிராசஸர்கள் பலவற்றுக்கு 100 டிகிரியும், ஏஎம்டியின் ரைசன் 5000 வரிசையில் பலவற்றுக்கு 90 டிகிரியும், ரைசன் 7000 வரிசையில் பலவற்றுக்கு 95 டிகிரியும்தான் மேல் எல்லை. எல்லையைத் தொட்டதும் பிராசஸர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதையும் தாண்டினால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள மொத்தமாக அணைந்துவிடும். ஆக, கோடை புதிதாக எதையும் கெடுக்கவில்லை. ஏற்கெனவே இருந்த அடைப்பை வெளியே காட்டிக்கொடுத்திருக்கிறது, அவ்வளவே.

இந்தத் தற்காப்பு எல்லா பிராசஸர்களிலும் எப்போதும் இருந்ததில்லை. 2001-ல் 'டாம்ஸ் ஹார்டுவேர்' வெளியிட்ட ஒரு வீடியோ அப்போது உலகம் முழுக்கப் பேசப்பட்டது. ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டரிலிருந்து ஹீட் சிங்க்கைக் கழற்றினார்கள். பென்டியம் 4 வேகத்தைக் குறைத்துக்கொண்டு தப்பித்தது. ஏஎம்டி அத்லான் சில நொடிகளில் புகைந்து கருகியது. இன்றைய பிராசஸர்கள் அப்படிக் கருகுவதில்லை. கம்ப்யூட்டர் 'சட்'டென அணைவதைப் பார்த்து பிராசஸர் போய்விட்டது என்று பயப்பட வேண்டியதில்லை என்பதற்கு இதுதான் காரணம். அணைந்தது என்றால், பாதுகாப்பு வேலை செய்திருக்கிறது.

பள்ளிக்கரணைக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. வேளச்சேரி - தாம்பரம் சாலையின் வாகனப் புகை, மேடவாக்கம் பக்கம் நடக்கும் மெட்ரோ ரயில் பணிகளின் மண், ஓயாத கட்டுமானம் என்று தூசிக்குப் பஞ்சமே இல்லை. கூடவே சதுப்பு நிலமும் கடலும் தரும் ஈரக்காற்று. காய்ந்த ஊரில் தூசி பவுடராக உதிரும். இங்கே ஈரத்தோடு சேர்ந்து ஹீட் சிங்க் தகடுகளுக்கு இடையில் கம்பளி விரித்ததுபோலப் படிந்துவிடும். மேலேயிருந்து பார்த்தால் ஃபேன் நன்றாகச் சுற்றும். ஆனால், அதற்கு அடியில் காற்று போக ஒரு மில்லிமீட்டர் இடைவெளிகூட இருக்காது.

முதலில் அளந்து பாருங்கள்

எதையும் கழற்றுவதற்கு முன், கம்ப்யூட்டர் எப்போது அணைகிறது என்று கவனியுங்கள். ஆன் செய்த ஓரிரு நிமிடத்திலேயே அணைந்தால் ஃபேன் சுற்றவில்லை அல்லது ஹீட் சிங்க் சரியாக உட்காரவில்லை என்று சந்தேகப்படலாம். வீடியோ எடிட்டிங், கேம் என்று அரை மணி நேரம் ஓடிய பிறகு அணைந்தால் தூசி, காய்ந்த பேஸ்ட், காற்றோட்டக் குறைவு. எந்த ஒழுங்கும் இல்லாமல், சும்மா இருக்கும்போதும் அணைந்தால் வேறு பக்கம் பார்க்க வேண்டும். எஸ்எம்பிஎஸ் எனப்படும் பவர் சப்ளையோ, ராமோ, வீட்டு மின்சாரமோகூடக் காரணமாக இருக்கலாம்.

அடுத்து எண்கள். விண்டோஸின் டாஸ்க் மேனேஜர் பிராசஸர் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும். அதன் வெப்பத்தைக் காட்டாது. அதற்கு ஹெச்டபிள்யூ இன்ஃபோ, கோர் டெம்ப் போன்ற இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. சும்மா இருக்கும்போது 40-லிருந்து 55 டிகிரி வரை நம் ஊர்க் கோடையில் இயல்பு. கடுமையான வேலையில் 80-ஐத் தாண்டினாலும் பதற வேண்டாம். சும்மா இருக்கும்போதே 75, 80 என்று காட்டினால்தான் பிரச்னை. விண்டோஸ் வரைக்கும் தாக்குப்பிடிக்காத கம்ப்யூட்டர் என்றால், ஆன் செய்ததும் டெலிட் அல்லது எஃப்2 பட்டனைத் தட்டி பயாஸ் திரைக்குப் போனால் அங்கேயே வெப்பநிலையைப் பார்க்கலாம். விண்டோஸில் காட்டுவதைவிட அங்கே சில டிகிரி கூடுதலாகத் தெரிவது சகஜம்.

டாஸ்க் மேனேஜரைத் திறக்கும்போது இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். எந்த வேலையும் செய்யாதபோதே பிராசஸர் 90, 100 சதவிகிதம் ஓடிக்கொண்டிருந்தால், திருட்டு மென்பொருளோடு சேர்ந்து வந்த கிரிப்டோ மைனிங் வைரஸாக இருக்கலாம். அதற்கு பேஸ்ட் போட்டுப் பயனில்லை.

இப்போது காசே செலவில்லாத ஒரு சோதனை. பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிவிட்டு, எதிரில் ஒரு டேபிள் ஃபேனை வைத்து ஓடவிடுங்கள். வெப்பம் 10 டிகிரிக்கு மேல் இறங்கினால் பெட்டிக்குள் காற்றோட்டம் போதவில்லை. கம்ப்யூட்டர் டேபிளின் கதவு வைத்த அறைக்குள் பெட்டியைப் பூட்டி வைத்திருக்கும் வீடுகளில் இதுதான் நடக்கிறது. வெளியே தள்ளிய சூட்டையே அது திரும்ப உள்ளே இழுத்துக்கொண்டிருக்கும்.

டேபிள் ஃபேனுக்கும் இறங்கவில்லையா? மென்பொருள் 95 டிகிரி காட்டும் நேரத்தில் கம்ப்யூட்டரை அணைத்து, ஒயரைப் பிளக்கிலிருந்து பிடுங்கிவிட்டு, உடனே ஹீட் சிங்க்கின் உலோகத்தை விரல் நுனியால் லேசாகத் தொட்டுப் பாருங்கள். உலோகமும் கொதித்தால், சூடு அதுவரை வந்துவிட்டது, காற்றுதான் அதை எடுத்துப்போகவில்லை என்று அர்த்தம். அப்படியானால் தூசியும் ஃபேனும் உங்கள் இலக்கு. உலோகம் வெதுவெதுப்பாக மட்டும் இருந்தால், சூடு பிராசஸரை விட்டே நகரவில்லை. பேஸ்ட் காய்ந்திருக்கிறது அல்லது ஹீட் சிங்க் தூக்கிக்கொண்டிருக்கிறது. மெக்கானிக்கிடம் போவதற்கு முன்பே பாதி விடை இந்த ஒரு தொடுதலில் கிடைத்துவிடும்.

திருநீறாகிப்போன பேஸ்ட்

தூசி தட்டுவது எளிது. ஒயரைப் பிடுங்கிவிட்டு, பெட்டியை பால்கனிக்குக் கொண்டுபோய், காய்ந்த பெயின்ட் பிரஷ்ஷாலும் சின்ன புளோயராலும் தட்டலாம். ஊதும்போது ஃபேன் இறக்கையை ஒரு விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். கண்டபடி சுற்றவிட்டால் அதன் பேரிங் கெடும். பங்க்சர் கடைக் காற்றில் ஊதிவிடலாம் என்று ஸ்கூட்டரில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகிறவர்களும் உண்டு. அந்த கம்ப்ரசர் காற்றில் தண்ணீரும் எண்ணெயும் கலந்து வரும். வேண்டாம். வீட்டு வாக்யூம் கிளீனரும் வேண்டாம், அதன் முனையில் உருவாகும் நிலைமின்சாரம் சர்க்யூட்டைக் கெடுக்கலாம். எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் திறக்கக் கூடாது. ஒயரைப் பிடுங்கிய பிறகும் அதிலுள்ள கெப்பாசிட்டர்களில் ஆபத்தான மின்சாரம் தங்கியிருக்கும். உள்ளே பல்லி செத்துக் கிடப்பது தெரிந்தாலும் அது கடைக்காரர் வேலைதான்.

பேஸ்ட் கொஞ்சம் பொறுமை கேட்கும் வேலை. பிராசஸர் மூடியும் ஹீட் சிங்க்கும் பார்வைக்கு வழவழப்பாக இருந்தாலும், நுணுக்கமாகப் பார்த்தால் மேடு பள்ளம்தான். பள்ளங்களில் காற்று நிற்கும். தாமிரத்தோடு ஒப்பிட்டால் காற்று சுமார் 15,000 மடங்கு மோசமான வெப்பக்கடத்தி. அந்தக் காற்றைத் துரத்திவிட்டு இடத்தை நிரப்புவதுதான் பேஸ்ட்டின் வேலை. சில வருடங்களில் அது காய்ந்து, திருநீறுபோலப் பொடியாகிவிடும்.

இன்டெல் கம்ப்யூட்டரோடு வரும் சாதாரண கூலரில் நான்கு மூலைகளிலும் கறுப்பு பிளாஸ்டிக் ஊசிகள் இருக்கும். அவற்றின் தலையில் உள்ள அம்புக்குறித் திசையில் திருப்பி, மேலே இழுத்தால் கழன்றுவிடும். திரும்பப் பொருத்தும்போதுதான் பலர் தவறுகிறார்கள். எதிரெதிர் மூலைகளாக, இரண்டு இரண்டாக, 'டக்' என்று சத்தம் வரும்வரை அழுத்த வேண்டும். நான்கில் ஒன்று பிடிக்காமல் போனாலும் ஹீட் சிங்க் ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும். புது பேஸ்ட் போட்டும் சூடு குறையவில்லை என்று புலம்புகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

ரைசன் 5000 வரையிலான ஏஎம்4 வகை பிராசஸர்களில் ஆபத்து வேறு. காய்ந்த பேஸ்ட் பசைபோலப் பிடித்திருக்கும். வெடுக்கென்று இழுத்தால் ஹீட் சிங்க்கோடு பிராசஸரும் சாக்கெட்டிலிருந்து பெயர்ந்து வந்து, அடியிலுள்ள ஊசிகள் வளைந்துவிடும். நல்ல பிராசஸர் உண்மையிலேயே போவது இப்படித்தான். கழற்றுவதற்கு முன் 10 நிமிடம் ஓடவிட்டால் பேஸ்ட் இளகும். அணைத்து ஒயரைப் பிடுங்கியபின், இடமும் வலமுமாக மெல்லத் திருகி எடுங்கள்.

பழைய பேஸ்ட்டை ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் இரண்டு பக்கமும் சுத்தமாகத் துடைத்துவிட்டு, நடுவில் ஒரு சின்னப் பட்டாணி அளவு புது பேஸ்ட் வைத்தால் போதும். தோசைக்கு எண்ணெய் ஊற்றுவதுபோல ஊற்ற வேண்டியதில்லை. அவசரத்துக்கு டூத்பேஸ்ட் வைக்கலாம் என்று வாட்ஸ்அப்பில் வரும் யோசனையை நம்பினால், அது சில நாள்களில் காய்ந்து பழைய நிலைக்கே கொண்டுவிடும். புது கூலர் வாங்கியிருந்தால், அதன் அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரித்தீர்களா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். சிரிக்க வேண்டாம், அடிக்கடி நடக்கும் கூத்து இது.

ஃபேனே நின்றுபோயிருந்தால் மாற்றுவதுதான் வழி. வேளச்சேரியிலிருந்து பறக்கும் ரயிலில் சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கினால் ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம். போகும்போது பழைய ஃபேனையும் மதர்போர்டின் மாடல் எண்ணையும் கொண்டுபோனால் அலைச்சல் மிச்சம். புது ஃபேனின் ஒயரை மதர்போர்டில் 'சிபியு ஃபேன்' என்று எழுதியிருக்கும் இடத்தில்தான் செருக வேண்டும். வேறு இடத்தில் செருகினால் ஃபேன் சுற்றினாலும் 'ஃபேன் இல்லை' என்று சொல்லி கம்ப்யூட்டர் முரண்டு பிடிக்கும்.

கொலுசு கறுக்கிறதா?

குப்பை, சாக்கடை, தேங்கிய நீர் அழுகும்போது ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு வரும். வெள்ளிக் கொலுசைக் கறுக்கவைக்கும் அதே வாயு, சர்க்யூட் போர்டிலுள்ள தாமிரத்தையும் வெள்ளியையும் மெல்ல அரிக்கும். பெரிய டேட்டா சென்டர்கள் தாமிர, வெள்ளித் தகடுகளை அறைக்குள் தொங்கவிட்டு, அவை எவ்வளவு வேகமாகக் கறுக்கின்றன என்று அளந்துதான் காற்றின் தரத்தை முடிவு செய்கின்றன. பெருங்குடிக் குப்பைக் கிடங்கின் காற்று வீசும் தெருக்களில் இருப்பவர்கள் வீட்டு வெள்ளியையே ஓர் அறிகுறியாக எடுத்துக்கொள்ளலாம். பேஸ்ட், தூசி, ஃபேன் எல்லாம் சரியாக இருந்தும் கம்ப்யூட்டர் தகராறு செய்து, போர்டில் கறுப்பாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால், அப்போது மதர்போர்டை மாற்றச் சொல்லும் கடைக்காரர் சொல்வதில் நியாயம் இருக்கலாம். 2015 டிசம்பர் வெள்ளத்திலோ 2023 மிக்ஜாம் புயலிலோ நனைந்து, காயவைத்து மறுபடி ஓட்டப்படும் பெட்டிகளுக்கும் இது பொருந்தும்.

கடையில் கொடுப்பதாக இருந்தால், "சூடாகுது, பாருங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள். "சும்மா இருக்கும்போது இத்தனை டிகிரி, அரை மணி நேரத்தில் இத்தனை டிகிரி, ஹீட் சிங்க் வெதுவெதுப்பாத்தான் இருக்கு. சுத்தம் பண்ணி பேஸ்ட் மாத்தி, திரும்ப எவ்வளவு காட்டுதுன்னு என் முன்னாடி ஓட்டிக் காட்டுங்க" என்று கேளுங்கள். பிராசஸரை மாற்றியே ஆக வேண்டும் என்று சொன்னால், வேறொரு நல்ல பிராசஸரைப் பொருத்திக் காட்டச் சொல்லலாம். கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிக்கொள்வதும் உங்கள் உரிமைதான்.

நாளைக்கே பிள்ளைக்கு ஆன்லைன் தேர்வு, இன்று கழற்ற நேரமில்லை என்பவர்களுக்கு ஒரு தற்காலிக வழி இருக்கிறது. விண்டோஸ் கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸுக்குள் போய், பிராசஸரின் அதிகபட்ச அளவை 100-லிருந்து 99 சதவிகிதமாக மாற்றுங்கள். ஒரு சதவிகிதம்தானே என்று தோன்றும். ஆனால், பெரும்பாலான பிராசஸர்களில் 'டர்போ' எனப்படும் கூடுதல் வேகம் அதோடு நின்றுவிடும். வேகம் கொஞ்சம் குறையும், சூடு நன்றாகவே இறங்கும். பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, டேபிள் ஃபேனையும் எதிரில் வைத்துவிட்டால் தேர்வு முடியும்வரை தாங்கும். தேர்வு முடிந்த அன்று சாயங்காலமே பிரஷ்ஷை எடுத்துவிடுங்கள்.