பொம்மைக்கு டிரெஸ் தைப்பது சின்னப்பிள்ளை விளையாட்டா? பிட்டுத் துணியில் ஒளிந்திருக்கும் பெரிய தையல் பாடம்

பிளவுஸ் தைத்து முடித்த பிறகு டெய்லர் கடையின் மூலையில் குவியும் பிட்டுத் துணி பெரும்பாலும் குப்பைக்குத்தான் போகிறது. கைக்குட்டை அளவுகூட இல்லாத அந்தத் துண்டு, பதினொன்றரை இஞ்ச் உயரப் பொம்மை ஒன்றுக்கு முழு கவுன் தைக்கப் போதும். பார்பி பொம்மையின் உயரம் அதுதான்.

"இந்த வயசுல பொம்மையா?" என்று வீட்டில் கேட்பார்கள். ஆனால், பொம்மைக்கு உடை வடிவமைத்துத் தைப்பதைத் தினசரிப் பொழுதுபோக்காக வைத்திருப்பவர்களில் பெரியவர்கள் நிறையப் பேர். காலை முதல் மாலை வரை ஸ்க்ரீனைப் பார்த்து வேலை செய்பவர்களுக்கு, அன்று செய்த எதையும் கையில் எடுத்துக் காட்ட முடியாது. பொம்மை உடை அப்படியில்லை. இரவு சாப்பாட்டுக்குப் பின் உட்கார்ந்தால், படுக்கப் போவதற்குள் ஒரு பாவாடை முடிந்திருக்கும்.

இன்னொரு வசதியும் உண்டு. இரண்டாயிரம் ரூபாய்த் துணியில் கத்தரியை வைக்கப் புதிதாகத் தையல் கற்பவருக்குக் கை நடுங்கும். பிட்டுத் துணியில் தப்பு பண்ணினால் என்ன நஷ்டம்? இன்னொரு பிட்டு எடுத்தால் போச்சு. தைக்கக் கற்பவருக்குத் தேவையான முதல் விஷயமே, பயமில்லாமல் வெட்டும் இந்தத் துணிச்சல்தான்.

அளவைச் சுருக்கினால் வேலை முடிந்துவிடுமா?

இல்லை. இந்தப் பொழுதுபோக்கின் சுவாரசியமே அதில்தான் இருக்கிறது.

பார்பி போன்ற பொம்மைகள் மனித உயரத்தில் சுமார் ஆறில் ஒரு பங்கு. ஐந்தரை மீட்டர் புடவையை ஆறால் வகுத்தால் சுமார் 92 சென்டிமீட்டர். அகலம் 19 சென்டிமீட்டர் வரும். கணக்கு சரி. ஆனால், அப்படி வெட்டிக் கட்டிப் பார்த்தால் பொம்மை, மூட்டை கட்டியது மாதிரி நிற்கும்.

காரணம், நீளம் அகலம் குறைந்தாலும் துணியின் தடிமன் குறைவதில்லை. நாம் கட்டும் அதே பருத்தித் துணி பொம்மையின் மேல் ஆறு மடங்கு தடித்த துணிபோல நடந்துகொள்ளும். போர்வையை மடித்து இடுப்பில் ஏழு கொசுவம் செருகினால் எப்படி இருக்கும்? அதே கதைதான். எனவே கொசுவத்தைக் குறைக்க வேண்டும், நீளத்தைக் குறைக்க வேண்டும், அல்லது ஷிஃபான் மாதிரி மெல்லிய துணிக்கு மாற வேண்டும். பொம்மை உடை என்பது சுருக்கிய பெரிய உடை இல்லை. பெரிய உடையைப் போலத் தெரிய வைக்கும் வேறொரு உடை.

பார்பியின் ஒல்லி உடல்வாகு விமர்சிக்கப்பட்டபோதும், உடையை எளிதாக மாட்டிக் கழற்றத்தான் அந்த அளவுகள் என்று தயாரிப்பு நிறுவனமான மேட்டலின் வடிவமைப்புப் பிரிவு 2014-ல் விளக்கம் சொன்னது. அந்த விளக்கத்தை ஏற்காதவர்கள் பலர். 2016-ல் உயரமான, குள்ளமான, சதைப்பிடிப்பான உடலமைப்புகளிலும் பார்பி வந்தது. தைப்பவர்களுக்கு இதனால் ஒரு பாடம்: ஒரு பார்பிக்கு வெட்டிய பேட்டர்ன் எல்லா பார்பிக்கும் பொருந்தாது.

பெரிய டிசைனர்களும் பொம்மையிடம் வந்தார்கள்

ஃபேஷன் பத்திரிகைகள் பரவுவதற்கு முன்பே, புதிய பாணி உடைகளை அணிந்த பொம்மைகள் பாரிஸிலிருந்து ஐரோப்பிய அரண்மனைகளுக்குப் பயணம் போயின. அவற்றுக்குப் 'பண்டோரா' என்று பெயர். அன்றைய கேட்லாக் அதுதான்.

1945 மார்ச்சில் பாரிஸில் நடந்தது இன்னும் முக்கியமானது. ஜெர்மானியப் பிடியிலிருந்து நகரம் விடுபட்டிருந்தது. ஆனால் ஐரோப்பாவில் போர் முடியவில்லை. துணிக்குக் கடும் தட்டுப்பாடு. ஆளுயர உடைகளில் பெரிய ஷோ நடத்த வழியில்லை. அதற்காகக் கடையைச் சாத்தினால், பாரிஸின் தையல் தொழிலே கைநழுவிப் போய்விடும் என்ற அச்சம் இருந்தது. அப்போதுதான் கம்பியால் செய்த சுமார் 70 சென்டிமீட்டர் உயரப் பொம்மைகளுக்கு நகரத்தின் பெரிய ஃபேஷன் நிறுவனங்கள் உடை தைத்தன. பட்டன், பை, காலணி, நகை என எல்லாமே பொம்மையின் அளவுக்கு. 'தியாத்ர் த லா மோத்' என்ற அந்தக் கண்காட்சியை லூவர் வளாகத்தில் சுமார் ஒரு லட்சம் பேர் பார்த்தார்கள். வசூல் போர் நிவாரணத்துக்குப் போனது. அடுத்த ஆண்டு பொம்மைகள் அமெரிக்காவுக்கும் போயின. இப்போது அவை வாஷிங்டன் மாநிலத்தின் மேரிஹில் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

கொரோனா காலத்தில் நேரடி ஷோக்கள் நின்றபோது, டியோர் நிறுவனம் அதே யோசனையைக் கையில் எடுத்தது. 2020 ஜூலையில் வெளியான அதன் புதிய உடைகளைக் குட்டி மேனெகின்கள் அணிந்திருந்தன.

துணியைக் குறுக்குவாட்டில் வெட்டி உடலோடு ஒட்டி விழவைக்கும் முறைக்குப் பெயர்போன மாடலின் வியோனே, சிறிய மர உருவத்தின்மேல் துணியைச் சுற்றிப் பார்த்துத்தான் உடைகளை உருவாக்கினார். 2009-ல் மிஷெல் ஒபாமா அணிந்த வெள்ளை கவுனால் உலகப் புகழ் பெற்ற ஜேசன் வூ, சிறுவயதில் பொம்மைக்குத் தைத்துத்தான் தையல் கற்றவர். பதின்ம வயதிலேயே ஒரு பொம்மை நிறுவனத்துக்கு உடை வடிவமைத்தார். பொம்மையை 'விளையாட்டு' என்று இவர்கள் ஒதுக்கவில்லை.

பார்பியின் முதல் டெய்லர்

1959 மார்ச் 9 அன்று நியூயார்க் பொம்மைக் கண்காட்சியில் பார்பி அறிமுகமானது. அதை உருவாக்கிய ரூத் ஹேண்ட்லருக்கு வியாபாரம் தெளிவாகத் தெரியும். பொம்மையை ஒருமுறைதான் வாங்குவார்கள்; உடையைத் திரும்பத் திரும்ப வாங்குவார்கள். பார்பியின் முதல் உடைகளை வடிவமைத்தவர் சார்லட் ஜான்சன். அந்த உடைகள் ஜப்பானில் தைக்கப்பட்டதால், அவர் அங்கேயே தங்கி வேலையைக் கவனித்தார். பொம்மைக்கு ஏற்ற சிறிய டிசைன் துணி, குட்டி ஜிப், குட்டி பட்டன் எல்லாவற்றையும் தனியாகத் தயாரிக்க வேண்டியிருந்தது. உடைகளைத் தைத்தவர்களில் பலர், வீட்டிலிருந்தே வேலை பார்த்த ஜப்பானியப் பெண்கள். இன்று அந்தக் கால உடைகளைச் சேகரிப்பாளர்கள் தேடி வாங்குகிறார்கள். அவற்றைத் தைத்தவர்களின் பெயர்தான் எந்த லேபிளிலும் இல்லை.

நம்ம ஊரில் இது புதுசா?

நவராத்திரிக்கு முன் மரப்பாச்சியைப் பெட்டியிலிருந்து எடுத்துத் துடைக்கும் வீடுகளில் கேட்டால் சிரிப்பார்கள். மரப்பாச்சி ஜோடிக்குப் புடவையும் வேட்டியும் கட்டுவது கொலு வீடுகளில் பழைய வழக்கம். பழைய பட்டுப் புடவையின் ஜரிகைக் கரை, பிளவுஸில் மீந்த பிட்டு, கொஞ்சம் லேஸ், இரண்டு குண்டூசி போதும். இதற்குப் 'பொழுதுபோக்கு' என்று யாரும் பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான். மரப்பாச்சியின் கை உடலோடு ஒட்டியிருப்பதால் சட்டை மாட்ட முடியாது. சுற்றிக் கட்டத்தான் முடியும். உடம்பைப் பார்த்து உடையை முடிவு செய்வது என்ற வடிவமைப்புப் பாடம் இதிலும் இருக்கிறது.

டெல்லியில் கார்ட்டூனிஸ்ட் சங்கர் 1965-ல் தொடங்கிய பன்னாட்டுப் பொம்மை அருங்காட்சியகத்தில், பல நாட்டுப் பொம்மைகளோடு இந்திய மாநிலங்களின் உடையணிந்த பொம்மைகளும் உண்டு. அவற்றைச் செய்ய அங்கேயே ஒரு பட்டறையும் இயங்கிவந்தது. புடவை கட்டும் முறை ஊருக்கு ஊர் எப்படி மாறுகிறது என்பதைக் குட்டி உருவத்தில் காட்டுவது சாதாரண வேலை இல்லை.

பேட்டர்ன் எங்கே கிடைக்கும்? பொம்மையிடமே

இணையத்தில் இலவச பேட்டர்ன்கள் ஏராளம். ஆனால், சொந்தமாக வடிவமைக்க நினைப்பவர்களுக்கு ஓர் எளிய வழி இருக்கிறது.

பொம்மையின் மேல் சமையலறையில் பயன்படும் கிளிங் ரேப்பை இறுக்கமாகச் சுற்ற வேண்டும். அதற்கு மேல் பேப்பர் டேப்பைச் சின்னச் சின்னத் துண்டாக ஒட்ட வேண்டும். பிறகு கழுத்து, தோள், பக்கத் தையல், இடுப்பு எங்கே வர வேண்டுமோ அங்கெல்லாம் பேனாவால் கோடு போட்டு, அந்தக் கோடுகளில் மெதுவாக வெட்டி எடுக்க வேண்டும்.

எடுத்த துண்டை மேசையில் வைத்தால் தட்டையாகப் படியாது. மார்புப் பகுதியில் மேடாக நிற்கும். படிய வைக்க ஒரு இடத்தில் வெட்டு கொடுக்க வேண்டும். வெட்டியதும் அது 'வி' வடிவத்தில் விரியும். டெய்லர்கள் 'டார்ட்' என்று சொல்வது இதைத்தான். பிளவுஸில் டார்ட் ஏன் இருக்கிறது என்று அதுவரை புரியாதவருக்கும் அந்த நொடியில் புரிந்துவிடும். வளைவான உடம்பைத் தட்டையான துணியால் மூடும் வித்தை அது. சுற்றிலும் கால் இஞ்ச் தையலுக்கு விட்டுக் காகிதத்தில் வரைந்தால் பேட்டர்ன் ரெடி.

நம்ம ஊர் பிளவுஸில் பின்னால் பிரித்து விட்டுக்கொள்ள உள்பக்கம் கூடுதல் துணி விடுவார்கள். இங்கே அது வேண்டாம். பொம்மை குண்டாகாது!

தைக்கும்போது கவனிக்க வேண்டியவை

துணி: மல் துணி, 'டூ பை டூ' பிளவுஸ் துணி, பழைய மெல்லிய காட்டன் துப்பட்டா ஆகியவை நல்ல தொடக்கம். ஜீன்ஸ், கெட்டியான பட்டு பிறகு பார்க்கலாம்.

டிசைன்: துணியில் ஒரு இஞ்ச் பூ இருந்தால், பொம்மையின் மேல் அது அரையடிப் பூவாகத் தெரியும். பொடிப் பூ, மெல்லிய கோடு, சின்னப் புள்ளி எடுங்கள். புடவைக்கு அரை இஞ்ச் ஜரிகை லேஸே பெரிய பார்டராகத் தெரியும்.

தையல்: மெஷினில் வழக்கமான இரண்டரை மில்லிமீட்டர் தையலை ஒன்றரைக்குக் குறைக்க வேண்டும். மெல்லிய ஊசி போடுங்கள். மெஷின் இல்லையென்றாலும் கவலையில்லை. பொம்மை உடையின் நீளத்துக்குக் கைத்தையலே போதும்.

வரிசை: சட்டைக்குக் கையை வட்டமாகப் பொருத்த முயலாதீர்கள். தோளைச் சேர்த்து, துணி விரிந்திருக்கும்போதே கையை இணைத்துவிட்டு, பக்கத் தையலைக் கடைசியாகப் போடுங்கள்.

திறப்பு: பொம்மையின் தலை பெரியது, தோள் நம்மைப் போல வளையாது. எனவே முதுகுப்பக்கம் மேலிருந்து கீழ்வரை திறப்பு வைத்து, மெல்லிய வெல்க்ரோ அல்லது சின்ன டிச் பட்டன் வைப்பது நல்லது. விரல் துணியில் சிக்கினால், கையில் சின்னப் பிளாஸ்டிக் கவரைச் சுற்றிவிட்டு மாட்டுங்கள்.

ஓரம்: வெட்டிய ஓரம் நூல் பிரியும். துணிப் பசையைக் கொஞ்சமாகத் தடவலாம். முதலில் ஒரு துண்டில் சோதித்துப் பாருங்கள். சில துணியில் கறை நிற்கும்.

சாயம்: அடர் சிவப்பு, கருப்பு, நீலத் துணிகள் பொம்மையின் உடலில் சாயத்தை இறக்கிவிடும். அது எளிதில் போகாது. துணியை முதலில் அலசிக் காயவைத்து, உள்ளே வெள்ளை லைனிங் கொடுங்கள்.

இதை பிசினஸ் ஆக்கலாமா?

எந்தப் பொழுதுபோக்கைச் சொன்னாலும் அடுத்த கேள்வி இதுதான். கைவேலைப்பாடுள்ள பொம்மை உடைகளை ஆன்லைனில் விற்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் கணக்கு கொஞ்சம் கசக்கும். துணி குறைவு, நேரம் குறைவதில்லை. ஒரு காலர் சட்டைக்கு உண்டான அத்தனை வேலையும் பொம்மையின் சட்டையிலும் உண்டு. இன்னும் நுணுக்கமாகவே உண்டு. 'இத்தனூண்டு துணிக்கு இவ்வளவு விலையா?' என்று வாங்குபவர் கேட்பார். விற்பதாக இருந்தால், பதிவுபெற்ற பொம்மை பிராண்டின் பெயரையோ லோகோவையோ சொந்த லேபிள்போல ஒட்டக் கூடாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

விற்காமலே இருந்தாலும் ஒன்றும் குறைந்துவிடாது. டார்கெட், டெட்லைன், ரேட்டிங் எதுவும் இல்லாத ஒரு வேலை நாளில் ஒரு மணி நேரமாவது இருப்பது நல்லதுதானே?

முதல் உடை: ஒரு மணி நேரப் பாவாடை

பன்னிரண்டு இஞ்ச் அகலம், ஐந்து இஞ்ச் உயரத்தில் ஒரு துண்டு வெட்டுங்கள். கீழ் ஓரத்தைக் கால் இஞ்ச் மடித்துத் தையுங்கள். மேல் ஓரத்தை அரை இஞ்ச் மடித்து, எலாஸ்டிக் நுழையும் அளவுக்கு வழிவிட்டுத் தையுங்கள். பொம்மையின் இடுப்பளவோடு அரை இஞ்ச் கூட்டி மெல்லிய எலாஸ்டிக்கை வெட்டி, ஊக்கில் கோத்து உள்ளே இழுத்து, இரு முனைகளையும் தைத்து நிறுத்துங்கள். நல்ல பக்கங்கள் உள்ளே பார்க்கும்படி மடித்துப் பின்பக்கம் ஒரே தையல். திருப்பினால் பாவாடை.

சுருக்கம் அதிகமாகத் தெரிந்தால் அடுத்த முறை பத்து இஞ்ச் எடுங்கள். தொங்கினால் அரை இஞ்ச் குறையுங்கள். இரண்டாவது பாவாடைக்கும் அதே பிட்டுத் துணியில் இடம் இருக்கும்.