பக்கத்து சீட்டில் இருமலா? ஜன்னலைத் திறங்க சார்!

சாயங்கால நேரம். சென்னை பஸ்சில் நிற்கக்கூட இடமில்லை. தூறலுக்குப் பயந்து ஜன்னலை எல்லாம் மூடிவிட்டார்கள்.

பின் சீட்டில் ஒருவர் "லொக்... லொக்..." என்று இருமுகிறார். உடனே, "டி.பி.யா இருக்குமோ?" என்று கிசுகிசுப்பு!

பயம் நியாயம்தான். காசநோய்க் கிருமி இருமலில் வெளியே வந்து, காற்றோட்டம் இல்லாத இடத்தில் மணிக்கணக்கில் மிதக்கும். ஆனால் ஆளை ஒதுக்கினால் அவர் நோயை மறைப்பார். வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒட்டிக்கொள்ளும்.

இதற்கு வழி காட்டியது நம்ம சேத்துப்பட்டுதான்! 1956-ல் அங்கே தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி மையம், பாதிப் பேருக்கு ஆஸ்பத்திரியிலும் பாதிப் பேருக்கு வீட்டிலும் வைத்தியம் பார்த்தது. வீட்டில் இருந்தவர்கள் ஏழைகள், நெருக்கடியான குடும்பங்கள். அப்படியும் அங்கே நோய் கூடுதலாகப் பரவவில்லை. காரணம், மருந்துதான்!

2 வாரத்துக்கு மேல் இருமலா? அரசு ஆஸ்பத்திரியில் சளியைச் சோதித்துப் பாருங்கள். சோதனையும் மருந்தும் இலவசம். குணமான மாதிரி தெரிந்தாலும் மாத்திரையைப் பாதியில் விடக்கூடாது. இருமும்போது கைக்குட்டையால் வாயை மூடுங்கள். கண்ட இடத்தில் துப்பாதீர்கள்.

நாலு துளி மழை மேலே பட்டால் துடைத்துக்கொள்ளலாம். ஜன்னலைத் திறங்க சார்!