படகின் அடிப்பகுதிக்குத் தெளிப்பான் மூலம் உயிர்ப்படிவுத் தடுப்புப் பூச்சு அடித்தல்

உயிர்ப்படிவுத் தடுப்புப் பூச்சு என்பது படகு, கப்பல் ஆகியவற்றின் நீருக்குள் இருக்கும் பகுதியில் பாசி, கொட்டலசு, சிப்பி போன்ற கடல் உயிர்கள் ஒட்டி வளராமல் தடுக்க அடிக்கப்படும் வண்ணப்பூச்சு ஆகும். வழக்கில் இது ஆன்டிபவுலிங் பெயிண்ட் எனப்படுகிறது. சாதாரண பெயிண்ட் கரையாமல் இருப்பதால் பொருளைக் காக்கிறது. இப்பூச்சோ கடல்நீரில் சிறிது சிறிதாகக் கரைவதால்தான் வேலை செய்கிறது. எனவே, பூச்சு எவ்வளவு தடிமனாகவும் சீராகவும் அமைகிறது என்பதே அது எத்தனை நாள் உழைக்கும் என்பதைத் தீர்மானிக்கிறது. தெளிப்பானின் பயனும் ஆபத்தும் இந்த ஓர் உண்மையிலிருந்தே தொடங்குகின்றன.

தமிழகத்தில் இப்பணி நடைபெறும் காலம்

தமிழகத்தின் கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் மீன்பிடிக்கத் தடை உள்ளது. முன்னர் 45 நாட்களாக இருந்த இத்தடை 2017 முதல் 61 நாட்களாக நீட்டிக்கப்பட்டது. தூத்துக்குடி, இராமேசுவரம், நாகப்பட்டினம், சென்னை காசிமேடு ஆகிய இடங்களில் படகுகளைக் கரையேற்றிப் பழுது பார்ப்பதும், அடிப்பகுதிக்குப் பூச்சு அடிப்பதும் பெரும்பாலும் இந்தக் காலத்தில்தான். சிறு படகுகளுக்குத் தூரிகையும் உருளையும் போதும். பரப்பு மிகுந்த பெரிய படகுகளுக்கும் கப்பல்களுக்கும் தெளிப்பான் ஏற்றது.

கட்டுமரத்துக்கு இப்பூச்சு தேவைப்பட்டதில்லை. கடலிலிருந்து திரும்பியதும் கரைக்கு இழுத்து வெயிலில் உலர விடப்படுவதால் அதில் உயிர்கள் நிலைத்து வளர முடியாது. துறைமுகத்தில் எப்போதும் மிதந்தபடியே நிற்கும் விசைப்படகின் நிலை வேறு. ஓடும் படகைவிட, அசையாமல் நிற்கும் படகிலேயே உயிர்கள் எளிதில் ஒட்டுகின்றன.

உயிர்ப்படிவு உண்டாகும் விதம்

சுத்தமான பலகையைக் கடலில் இட்டால் முதலில் கரிமப் பொருள்களின் மெல்லிய படலம் படியும். பின்னர் பாக்டீரியாக்களும் டயாட்டம் போன்ற நுண்பாசிகளும் சேர்ந்து வழவழப்பான சளிப்படலம் உருவாகும். அதன் பிறகு பச்சைப் பாசி, குழாய்ப்புழு, சிப்பி, கொட்டலசு ஆகியவற்றின் நுண்ணிய இளம் உயிரிகள் வந்து ஒட்டும். கொட்டலசு ஒருமுறை ஒட்டிவிட்டால் இடம் மாறாது. அது சுரக்கும் பசை நீருக்கடியிலும் இறுகிப் பிடித்துக்கொள்ளும்.

இவற்றால் அடிப்பகுதி சொரசொரப்பாகி நீரின் இழுவிசை கூடுகிறது. அதே வேகத்தில் செல்ல அதிக டீசல் செலவாகிறது. 2007இல் வெளியான ஓர் ஆய்வின் கணக்கீட்டின்படி, ஓடுள்ள உயிர்கள் மிகுதியாகப் படிந்த நடுத்தரப் போர்க்கப்பல் ஒன்றுக்கு வழக்கமான பயண வேகத்தில் 86 விழுக்காடு வரை கூடுதல் ஆற்றல் தேவைப்படும். மரப்படகுகளுக்கு இன்னோர் ஆபத்தும் உண்டு. பூச்சு விட்டுப்போன சிறு இடைவெளி வழியாகக் கப்பல் புழு நுழைந்து பலகையை உள்ளிருந்தே துளைத்துவிடும்.

செம்பின் வரலாறு

பிரித்தானியக் கடற்படை 1761இல் 'அலாரம்' என்னும் போர்க்கப்பலின் அடிப்பகுதியைச் செப்புத் தகடுகளால் மூடிச் சோதித்தது. புழுவும் உயிர்ப்படிவும் குறைந்தன. ஆனால் செம்பைத் தொட்டிருந்த இரும்பு ஆணிகள் அரித்துப்போயின. 1824இல் வேதியியலாளர் ஹம்ப்ரி டேவி செப்புத் தகட்டுடன் துத்தநாகம் அல்லது இரும்புத் துண்டுகளை இணைத்தால் செம்பு கரையாது என்று காட்டினார். செம்பு கரைவது நின்றது. ஆனால் அதன் மேல் கொட்டலசு வளரத் தொடங்கியது. கரைந்து வெளிவரும் செம்புதான் உயிர்களைத் தடுக்கிறது என்பதற்கு இதுவே தெளிவான சான்று.

இன்றைய பூச்சுகளில் பெரும்பாலானவற்றில் குப்ரஸ் ஆக்சைடு என்னும் செம்புச் சேர்மம் உள்ளது. சில வகைகளில் செம்பு கரைந்தபின் வெற்றுப் பிசின் கூடு எஞ்சும். தானே தேயும் வகையில் பிசினும் சேர்ந்து மெல்ல மெல்லத் தேய்ந்து புதிய பரப்பை வெளிக்காட்டும்.

தளத்தைத் தயார் செய்தல்

படகு கரையேறியவுடன், ஈரம் காயும் முன்பே கொட்டலசைச் சுரண்டி எடுப்பது எளிது. பிறகு நன்னீரால் கழுவி உப்பை நீக்க வேண்டும். பழைய பூச்சை உலர்ந்த நிலையில் உப்புத்தாளால் தேய்க்கக் கூடாது. அதன் தூளில் செம்பு உள்ளது. நீர் விட்டுத் தேய்ப்பதே முறை. கீழே தார்ப்பாய் விரித்து, விழும் கழிவைத் திரட்ட வேண்டும்.

வெடிப்புகளைப் பட்டி வைத்து அடைத்து, ஏற்ற பிரைமர் அடித்த பிறகே தடுப்புப் பூச்சுக்கு வர வேண்டும். நீர்மட்டக் கோட்டை ஒட்டுத்தாளால் மறைக்க வேண்டும். துத்தநாகக் காப்புத் துண்டுகள், எதிரொலிக் கருவியின் உணரி ஆகியவற்றின் மேல் பூச்சு படக்கூடாது. அலுமினியப் படகுக்குக் குப்ரஸ் ஆக்சைடு கலந்த பூச்சு ஆகாது. அது அலுமினியத்தை அரிக்கச் செய்யும்.

தெளிக்கும் முறை

இப்பணிக்குப் பெரும்பாலும் காற்றில்லாத் தெளிப்பான் பயன்படுகிறது. இதில் பூச்சுடன் காற்று கலப்பதில்லை. விசைக்குழாய் பூச்சை நூறு பாருக்கும் மேற்பட்ட அழுத்தத்தில் சிறு துளை வழியே தள்ள, அது துகள்களாகச் சிதறிப் படிகிறது. காற்றழுத்தத் துப்பாக்கியைவிட இதில் வீணாகும் புகை குறைவு.

செம்புச் சேர்மம் கனமானது என்பதால் டப்பாவின் அடியில் தங்கிவிடும். அடிவரை நன்றாகக் கலக்க வேண்டும். துப்பாக்கியைத் தளத்திலிருந்து சுமார் 30 செ.மீ. தொலைவில் செங்குத்தாகப் பிடித்து, கை மணிக்கட்டை வளைக்காமல் ஒரே வேகத்தில் நகர்த்த வேண்டும். ஒவ்வொரு வீச்சும் முந்தைய வீச்சின் பாதியை மூட வேண்டும். அடுக்குகளை இரு வேறு நிறங்களில் அடித்தால் மேலடுக்கு தேய்ந்த இடம் பின்னர் கண்ணுக்குத் தெரியும். நீர்மட்டப் பகுதி, அணியம், ஏரா, சுக்கான் ஆகியவை விரைவில் தேய்வதால் அவற்றுக்கு ஓர் அடுக்கு கூடுதலாக அடிப்பது வழக்கம்.

தடிமன் கணக்கு

பூச்சிலுள்ள கரைப்பான் ஆவியான பின் எஞ்சுவதே உலர்தடிமன். திடப்பங்கு 50 விழுக்காடு உள்ள பூச்சில் 100 மைக்ரான் உலர்தடிமன் வேண்டுமானால், ஈரமாக 200 மைக்ரான் அடிக்க வேண்டும். பல்லுள்ள சிறு சீப்பு போன்ற அளவியால் ஈரத்திலேயே இதை அளந்துவிடலாம்.

ஒரு லிட்டர் பூச்சு 200 மைக்ரான் கனத்தில் 5 சதுர மீட்டரை மூடும். நீருக்கடியில் 60 சதுர மீட்டர் பரப்புள்ள படகுக்கு 12 லிட்டர் போதும். ஆனால் தெளிக்கும்போது 30 விழுக்காடு வீணானால், சுமார் 17 லிட்டர் வாங்க வேண்டும். மீதி 5 லிட்டர் காற்றிலும் மண்ணிலும் அடுத்த படகின் மேலும் போய்ச் சேரும். அது படகு உரிமையாளருக்குப் பண இழப்பு மட்டுமன்று. செம்பு நஞ்சு வேண்டாத இடத்தில் படிகிறது என்பதும் பொருள்.

தின்னரை அதிகம் கலந்தால் தெளிப்பது எளிதாகும், பூச்சோ மெலிந்துவிடும். ஆண்டுக்கு 50 மைக்ரான் தேயும் பூச்சு 100 மைக்ரான் இருந்தால் இரண்டு ஆண்டு உழைக்கும். 50 மைக்ரான் மட்டுமே விழுந்த இடம் ஓராண்டில் வெறுமையாகிவிடும்.

தொழிலாளர் பாதுகாப்பு

முகத்தில் துண்டு கட்டிக்கொள்வது பாதுகாப்பு ஆகாது. கரைப்பான் ஆவியையும் நுண்துகளையும் தடுக்கும் வடிகட்டி பொருத்திய முகமூடி, கண்ணாடி, கையுறை, முழு உடல் உடை ஆகியவை தேவை. துப்பாக்கியின் முனையை விரலால் தொட்டு அடைப்பு நீக்கக் கூடாது. உயர் அழுத்தத்தில் பூச்சு தோலுக்குள் பாய்ந்தால் வெளியே ஊசி குத்தியது போலவே தெரியும். உள்ளே திசு அழுகி விரலையே இழக்க நேரலாம். வலி இல்லை என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

தடைக்காலத்தில் பக்கத்துப் படகில் வெல்டிங் நடப்பது வழக்கம். கரைப்பான் ஆவி தீப்பற்றக்கூடியது என்பதால் இரு வேலைகளும் அருகருகே ஒரே நேரத்தில் நடக்கக் கூடாது. காற்று பலமாக வீசும்போது தெளிக்கக் கூடாது. தூத்துக்குடிக் கரையில் ஜூன் மாதக் கச்சான் காற்று வலுக்கும். காற்று குறைந்த காலை நேரமே ஏற்றது. இரவுப் பனியின் ஈரம் தளத்தில் முற்றிலும் காய்ந்திருக்க வேண்டும்.

கடலும் சட்டமும்

1960களிலிருந்து டிரைபியூட்டைல் டின் என்னும் வெள்ளீயச் சேர்மம் கலந்த பூச்சுகள் பரவின. அவை மிகச் சிறப்பாக வேலை செய்தன. ஆனால் 1970களின் இறுதியில் பிரான்சின் ஆர்க்காசோன் விரிகுடாவில் சிப்பி வளர்ப்பு நலிந்தது. சிப்பி ஓடுகள் உருக்குலைந்தன. கடல் நத்தைகளில் பெண் நத்தைகளுக்கு ஆண் உறுப்பு வளர்ந்தது. பிரான்சு 1982இல் சிறு படகுகளில் இதைத் தடை செய்தது. பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு 2001இல் ஏற்ற உடன்படிக்கை 2008 செப்டம்பர் 17 அன்று நடைமுறைக்கு வந்து உலகளவில் தடை விதித்தது. சைபியூட்ரின் என்னும் மற்றொரு பொருளுக்கான தடை 2023 ஜனவரி 1 முதல் தொடங்கியது.

செம்பு இன்னும் அனுமதிக்கப்பட்டதே. எனினும் சிப்பிகளின் இளம் உயிரிகளுக்கு அதுவும் நஞ்சுதான். தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்காவின் 21 தீவுகள் உள்ளன. முத்துச்சிப்பியும் சங்கும் வாழும் கடல் அது. நஞ்சு இல்லாத சிலிக்கோன் பூச்சுகள் இன்று உண்டு. அவற்றின் வழுவழுப்பால் உயிர்கள் பிடி தளர்ந்து, படகு ஓடும்போது உதிரும். ஆனால் விலை அதிகம். மெதுவாகச் செல்லும் படகுகளில் பயன் குறைவு. எனவே மீன்பிடிப் படகுகளில் செம்புப் பூச்சே தொடர்கிறது. அதைத் தேவையான தடிமனில், படகின் மேல் மட்டும் விழுமாறு அடிப்பதும், சுரண்டிய கழிவைக் கடலில் தள்ளாமல் அகற்றுவதும் டீசல் செலவையும் கடலையும் ஒருசேரக் காக்கும் வழிகளாகும்.